பிணத்தில் ஊரும் புழு எந்த நேரத்தைக் காட்டுகிறது?

கேள்வி இது: "சடலத்தில் இருந்த புழுவை வைத்தே கொலை நடந்த நேரத்தைச் சொல்லிவிடுகிறார்களாமே, அது எந்த அளவுக்கு உண்மை? அதை நம்பி ஒருவருக்குத் தண்டனை கொடுக்கலாமா?"

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். நாள் கணக்கைச் சொல்லலாம், பல சமயம் நன்றாகவே சொல்லலாம். "இரவு பத்தரை மணிக்குக் கொன்றிருக்கிறார்கள்" என்று புழுவைப் பார்த்துச் சொல்வது சீரியலில் மட்டும்தான் நடக்கும். இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

பகல் வேளையில் திறந்தவெளியில் கிடக்கும் உடலைத் தேடி ஈக்கள் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். வீட்டுக்குள் திரியும் சாதாரண ஈயைச் சொல்லவில்லை. மீன் கடையிலும் குப்பைத் தொட்டியிலும் மொய்க்குமே, பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் தடித்த ஈ, அதைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் இந்த வேலையில் முன்னால் நிற்பது கிரைசோமையா மெகாசெஃபாலா என்ற இனம். கண், மூக்கு, வாய், காயம் என ஈரமும் ஓட்டையும் உள்ள இடமாகப் பார்த்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சென்னை மாதிரியான வெப்பத்தில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். புழு இரண்டு முறை தோல் உரித்து மூன்று பருவங்களைக் கடக்கும். நான்கைந்து நாளில் தின்று முடித்து, உடலைவிட்டு நகர்ந்து, பக்கத்து மண்ணுக்குள்ளோ பாய்க்கு அடியிலோ போய்க் கூட்டுப்புழுவாகும். மேலும் நான்கைந்து நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு ஈ வெளியே வரும். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒன்பது, பத்து நாள்.

புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை நீளத்தை மட்டும் அளந்து சொல்வதில்லை. பட்டினி கிடந்த புழு வயதுக்குக் குட்டையாக இருக்கும். அதனால் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். புழு மூச்சுவிடும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. இரண்டாம் பருவத்துப் புழுவுக்கு ஒவ்வொரு துளையிலும் இரண்டு கீற்று, மூன்றாம் பருவத்துக்கு மூன்று கீற்று. நுண்ணோக்கியில் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. இதற்கு மேல், தீனிப்பை நிறைந்திருக்கிறதா காலியாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். காலியாக இருந்தால் தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகக் கிளம்பிவிட்ட புழு என்று பொருள்.

அடுத்தது வெப்பநிலை. ஈப்புழுவின் உடம்பு தானாகச் சூட்டை வைத்துக்கொள்வதில்லை. சூடு ஏறினால் வேகமாக வளரும், குளிர்ந்தால் மெதுவாகும், ஒரு எல்லைக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றேவிடும். அந்த எல்லையை 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் கணக்கில் 20 ஏறும். 20 டிகிரியில் அதே ஒரு மணி நேரத்துக்கு 10தான் ஏறும். இன்ன இனத்துப் புழு இன்ன பருவத்தை அடைய மொத்தம் இவ்வளவு தேவை என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். சம்பவ இடத்தின் வெப்பநிலையை மணிக்கணக்கில் பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே போனால் முட்டையிட்ட நேரம் கிடைக்கும். இதில் இடறி விழ நிறைய இடம் இருக்கிறது. வானிலை நிலையத்து அளவு வேறு, புதருக்குள் இருந்த சூடு வேறு. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாகக் குவிந்தால் அந்தக் குவியலே சூட்டைக் கிளப்பும், வெளியே இருப்பதைவிடப் பத்து, இருபது டிகிரி கூடுதலாகக்கூட. மே மாதச் சென்னையில் போட்ட கணக்கை ஊட்டிக்குக் கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய இனத்துக்குப் போட்ட அட்டவணையை நம் ஊர் ஈக்குப் பொருத்தவும் முடியாது.

இவ்வளவும் சரியாக வந்தாலும் கிடைப்பது சாவின் நேரம் கிடையாது, ஈ முட்டையிட்ட நேரம். ஆட்டோ மீட்டர் ஓட ஆரம்பிப்பது நாம் வண்டியில் ஏறிய பிறகுதானே, வீட்டைவிட்டுக் கிளம்பியபோது இல்லையே. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நிமிடமாகவும் இருக்கலாம், சில நாளாகவும் இருக்கலாம். இரவில் இந்த ஈக்கள் பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. மழை கொட்டினால் வராது. உடல் பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தால், பூட்டிய அறையிலோ கார் டிக்கியிலோ இருந்தால், புதைத்திருந்தால், மீட்டர் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். தலைகீழாக நடப்பதும் உண்டு. படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவருக்குப் படுக்கைப்புண்ணில் உயிரோடு இருக்கும்போதே புழு வைத்திருந்தால், மீட்டர் சாவுக்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்திருக்கும். அப்போது அந்தப் புழு சாவைவிட, வீட்டார் எத்தனை நாள் அவரைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பதற்குத்தான் சாட்சி.

இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு பக் ரக்ஸ்டன் வழக்கைப் பார்க்கலாம். பம்பாயைச் சேர்ந்த பார்சி, இயற்பெயர் புக்தியார் ருஸ்தம்ஜி ரத்தன்ஜி ஹக்கீம். பம்பாயில் மருத்துவம் படித்துவிட்டு இங்கிலாந்துக்குப் போனவர், லங்காஸ்டரில் நல்ல பெயரெடுத்த டாக்டர். 1935 செப்டம்பர் 29 அன்று, ஏறத்தாழ நூறு மைல் வடக்கே, ஸ்காட்லாந்தில் மாஃபட் என்ற ஊருக்கு அருகே ஒரு ஓடைப் பள்ளத்தில் மூட்டைகள் கிடந்தன. பாலத்தின் மேல் நடந்துபோன ஒரு பெண் கண்ணில் பட்டது அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கை. உள்ளே இரண்டு பெண்களின் உடல் துண்டுகள். அடையாளம் தெரியக்கூடாது என்று விரல் நுனியையும் முகத்தையும் சிதைத்திருந்தார்கள். வெட்டிய விதத்தைப் பார்த்ததுமே, உடற்கூறு தெரிந்தவன் கை இது என்று விசாரித்தவர்களுக்குத் தோன்றிவிட்டது.

கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் என்பவர் அந்தத் துண்டுகளில் இருந்த நீல ஈப் புழுக்களை ஆராய்ந்து, வயது 12 முதல் 14 நாள் என்றார். அப்படியென்றால் மூட்டைகள் செப்டம்பர் நடுவில் அங்கே வந்திருக்க வேண்டும். ரக்ஸ்டனின் மனைவியையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் கடைசியாகப் பார்த்தது செப்டம்பர் 14. இரண்டும் ஒத்துப்போயின. பிரிட்டனில் பூச்சிகளை விசாரணைக்குப் பயன்படுத்திய முதல் வழக்குகளில் ஒன்று என்று பாடப் புத்தகங்கள் இதைத்தான் காட்டும். அந்தப் புழுக்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால் ரக்ஸ்டனைப் புழு தூக்கிலேற்றியதாகச் சொல்பவர்கள் மீதிக் கதையைப் படிப்பதில்லை. துண்டுகளைச் சுற்றியிருந்த தாள்களில் ஒன்று செப்டம்பர் 15 தேதியிட்ட 'சண்டே கிராஃபிக்' ஞாயிறு இதழ். அதுவும் லங்காஸ்டர், மோர்கேம் வட்டாரத்தில் மட்டும் விற்ற சிறப்புப் பதிப்பு. ஸ்காட்லாந்து போலீஸ் லங்காஸ்டர் பக்கம் திரும்பியது அதனால்தான். எடின்பரோவின் உடற்கூறியல் பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷ், கிடைத்த மண்டையோட்டின் படத்தை மனைவியின் பழைய புகைப்படத்தின் மேல் பொருத்திக் காட்டினார். வீட்டில் ரத்தக்கறை இருந்தது. கறை படிந்த கம்பளங்களையும் கோட்டு சூட்டையும் டாக்டர் தன் நோயாளிகளுக்கே தூக்கிக் கொடுத்திருந்தார். இத்தனைக்கும் நடுவே புழு செய்த வேலை ஒன்றே ஒன்று: மற்ற சாட்சிகள் சொன்ன தேதியோடு ஒத்துப்போனது. அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி. 1936 மே 12 அன்று மான்செஸ்டர் சிறையில் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

இதிலேயே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கொலை நடந்தது லங்காஸ்டர் வீட்டுக்குள், முட்டை விழுந்தது ஓடைப் பள்ளத்தில் என்றால், புழு காட்டுவது மூட்டையைத் தூக்கிப்போட்ட காலத்தை. இந்த வழக்கில் இரண்டும் ஓரிரு நாள் இடைவெளிக்குள் வந்ததால் சிக்கல் எழவில்லை. எல்லா வழக்கிலும் அப்படி அமையாது.

அமையாத வழக்குக்கு அமெரிக்காவின் சான் டியேகோவுக்குப் போகலாம். 2002 பிப்ரவரி தொடக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டிலிருந்து காணாமல் போனாள். பிப்ரவரி 27 அன்று உடல் கிடைத்தது. சந்தேகப்பட்டது பக்கத்து வீட்டுக்காரர் டேவிட் வெஸ்டர்ஃபீல்ட் மீது. பிப்ரவரி 5 முதலே அவர் போலீஸ் கண்காணிப்பில் இருந்தார். போலீஸே அழைத்து வந்த பூச்சியியல் நிபுணர் டேவிட் ஃபால்க்னர் புழுக்களைப் பார்த்துவிட்டு, முட்டையிட்டது பிப்ரவரி 16 முதல் 18க்குள் என்றார். அந்தத் தேதிகளில் வெஸ்டர்ஃபீல்ட் எங்கேயும் உடலைக் கொண்டுபோய்ப் போட்டிருக்க முடியாதே! அரசுத் தரப்பு அழைத்த நிபுணர் எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிட்டார். பிறகு இரு பக்கமும் வேறு நிபுணர்கள் வந்தார்கள், ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். உடலை எதனாலாவது மூடி வைத்திருக்கலாம், வறண்ட காற்றில் உடல் காய்ந்து ஈக்களைக் கவராமல் போயிருக்கலாம், எறும்புகள் முதல் முட்டைகளைத் தூக்கிப் போயிருக்கலாம் என்று அரசுத் தரப்பு வாதாடியது. ஜூரி அந்தப் பக்கமே நின்றது. சிறுமியின் ரத்தமும் கைரேகையும் முடியும் வெஸ்டர்ஃபீல்டின் பொருட்களிலும் வண்டியிலும் கிடைத்திருந்தன. தண்டனை மரணம்.

ஜூரி செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். இதைப் பூச்சியியலின் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முட்டையிட்ட தேதி சரியாகவே இருந்திருக்கலாம். தவறியது அந்தத் தேதியைச் சாவின் தேதியாக்கிய தாவல். ஈயைத் தாமதப்படுத்தியது எது என்பதைப் புழு சொல்லாது. அதை வேறு வழியில் கண்டுபிடிக்க வேண்டும்.

பூச்சி இல்லாததும் சாட்சியாகும். லாஸ் வேகஸில் 2001 ஜூலை 8 இரவு பத்து மணி வாக்கில், கார் நிறுத்துமிடத்துக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆணின் உடல் கிடந்தது. உடம்பெல்லாம் காயம். கிர்ஸ்டின் லோபாட்டோ என்ற பதினெட்டு வயதுப் பெண்ணைக் கைது செய்தார்கள். கொலை அன்று விடியற்காலை நடந்ததாக அரசுத் தரப்பு சொன்னது. அன்றைய பகலில் அவர் சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி, பெற்றோர் ஊரில் இருந்ததற்குச் சாட்சிகள் இருந்தார்கள். ஆனாலும் தண்டனை விழுந்தது. பல வருடம் கழித்துத்தான் யாரோ சரியான கேள்வியைக் கேட்டார்கள்: ஜூலை மாதத்துப் பாலைவன வெயிலில், குப்பைத் தொட்டி ஓரத்தில், திறந்த காயங்களோடு ஒரு உடல் பகல் முழுக்கக் கிடந்திருந்தால் ஈ முட்டை எங்கே? ஒரு முட்டைகூட இல்லை. அப்படியானால் பொழுது சாய்ந்து ஈக்கள் அடங்கிய பிறகுதான் ஆள் இறந்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த நேரத்தில் லோபாட்டோ அவ்வளவு தூரத்தில் இருந்தார். பூச்சியியல் நிபுணரை அழைக்காதது வக்கீல்களின் குறை என்று சொல்லி 2017 டிசம்பரில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார்.

நேரத்தோடு சம்பந்தமே இல்லாத பூச்சிச் சாட்சிகளும் உண்டு. இந்தத் துறையின் மிகப் பழைய கதையே அந்த வகைதான். 1247இல் சீன நீதி அதிகாரி சோங் சி எழுதிய விசாரணைக் கையேட்டில் அது வருகிறது. அரிவாள் வெட்டுக் காயங்களோடு ஒருவர் இறந்து கிடக்கிறார், பணமும் துணியும் அப்படியே இருக்கின்றன. திருட்டில்லை, பகைதான் என்று முடிவு செய்த அதிகாரி, அக்கம்பக்கத்தார் எல்லோரும் தங்கள் அரிவாளைக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போடுகிறார். எழுபது, எண்பது அரிவாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைக்கிறார்கள். வெயில் காலம். ஈக்கள் ஒரே ஒரு அரிவாளின் மேல் போய் மொய்க்கின்றன. அது யாருடையது என்றால், கொஞ்ச நாள் முன்பு இறந்தவரிடம் கடன் கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவனுடையது. கழுவினாலும் போகாத ரத்த வாசனை மனிதர்களுக்குத் தெரியவில்லை, ஈக்குத் தெரிந்தது. அந்த அதிகாரியின் கெட்டிக்காரத்தனம் ஈயில் இல்லை, திருட்டில்லை என்று முதலில் ஊகித்ததில் இருக்கிறது என்பேன்.

எழுநூற்றைம்பது ஆண்டு கழித்துக் கலிபோர்னியாவில் வின்சென்ட் பிரதர்ஸ் என்ற ஒருவரின் வழக்கு. 2003இல் பேக்கர்ஸ்ஃபீல்டில் மனைவி, மூன்று குழந்தைகள், மாமியார் என ஐந்து பேரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. நான் நாட்டின் அந்தக் கோடியில், ஒஹையோவில், அண்ணன் தம்பி வீட்டில் இருந்தேன் என்றார் அவர். அவர் வாடகைக்கு எடுத்த காரின் ரேடியேட்டரைக் கழற்றி டேவிஸ் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் லின் கிம்சியிடம் கொடுத்தார்கள். அதில் நசுங்கி ஒட்டியிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்ததில் ஒரு வெட்டுக்கிளி, ஒரு குளவி, இரண்டு வகை நாவாய்ப்பூச்சிகள் கிடைத்தன. நாட்டின் மேற்குப் பகுதியில் வாழ்பவை, ஒஹையோ பக்கம் பார்க்க முடியாதவை. கார் மேற்கே போய்வந்திருக்கிறது. 2007இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. இந்த வழக்கு எனக்குப் பிடிக்கக் காரணம், இங்கே எந்த இடைவெளியும் இல்லை என்பதுதான். ஓடும் வண்டியில் அடிபட்ட பூச்சி, வண்டி போன இடத்தைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது.

விஷ வழக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊருக்கு மிகவும் தொடர்புடையது இதுதான். அழுகிப்போன உடலில் சோதிக்க ரத்தமோ ஈரலோ மிஞ்சாதபோது, அவற்றைத் தின்ற புழுவைச் சோதிக்கலாம். 1980இல் வெளியான ஒரு கட்டுரை இப்படிப் புழுவிலிருந்து பீனோபார்பிட்டால் மருந்தைக் கண்டுபிடித்ததைச் சொல்கிறது. 1989இல் குணதிலகவும் லீ கோஃப்பும் வெளியிட்ட ஹவாய் வழக்கு இன்னும் சுவாரசியமானது. இறந்தவரைக் கடைசியாகப் பார்த்து எட்டு நாள் ஆகியிருந்தது, புழுவோ ஐந்து நாள் வயதைத்தான் காட்டியது. அவர் குடித்திருந்தது மாலத்தியான் என்ற பூச்சிமருந்து. புழுக்களிலும் மாலத்தியான் இருந்தது. பூச்சிக்கொல்லி ஊறிய உடலில் ஈக்கள் முட்டையிடத் தயங்கியதால் கணக்கு பிந்திவிட்டது என்பது அவர்கள் விளக்கம். கொக்கெய்ன் தலைகீழ்: அது புழுவின் வளர்ச்சியை வேகப்படுத்தும். பூச்சிமருந்து குடித்துச் சாவது சாதாரணமாக நடக்கும் நம் கிராமங்களில், புழுவின் வயதைக் கணக்கிடுகிறவர் நஞ்சுப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் அறிக்கை எழுதினால் அது அரை அறிக்கைதான்.

நம் வெப்பத்தில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. முதல் தலைமுறை பத்து நாளுக்குள் ஈயாகிப் பறந்துவிடுவதால், உடல் கிடைக்கும்போது அதில் ஊர்வது இரண்டாம் தலைமுறையாக இருக்கலாம். சுற்றியுள்ள மண்ணைத் தோண்டிக் காலிக் கூடுகளைத் தேடாதவர் கணக்கைப் பாதியாக்கிவிடுவார். அடுத்தது, கிரைசோமையா ருஃபிஃபேசிஸ் என்ற ஈயின் புழு. உடம்பெல்லாம் முள் போன்ற நீட்சிகளோடு இருக்கும். இது பிணத்தை மட்டும் தின்னாது, மற்ற புழுக்களையும் பிடித்துத் தின்னும். யார் முதலில் வந்தார்களோ அவர்களையே, அதாவது நமக்கு வேண்டிய சாட்சியையே, தின்று தீர்த்துவிடும்.

சாட்சி கெட்டுப்போவது பெரும்பாலும் ஆய்வகத்தில் நடப்பதில்லை, அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பிணவறையில் உடலைக் கழுவினால் புழுவும் போய்விடும். அதனால் சம்பவ இடத்திலேயே எடுக்க வேண்டும், பெரிய புழுக்களையும் விடாமல். பாதியைக் கொதி நிலைக்குக் கொஞ்சம் கீழேயுள்ள வெந்நீரில் போட்டுக் கொன்று, 80 சதவீத எத்தனாலில் வைக்க வேண்டும். உயிரோடு அப்படியே ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கறுத்து, அளவு தப்பிவிடும். மறு பாதியை உயிரோடு வைத்து ஈயாக வளர்க்க வேண்டும். இனத்தை உறுதியாகச் சொல்ல அதுவே நல்ல வழி. உடலைக் குளிர்பெட்டியில் வைத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும், குளிரில் புழுவின் வளர்ச்சி மட்டுப்படும் என்பதால்.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவு, முன்பு சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவாக இருந்தது, நிபுணரின் கருத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பூச்சியியலும் அதற்குள் அடங்கும். நிபுணர் சொல்வது கருத்து. ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் கையில். கூடவே வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் உண்டு. கழுவப்படும் முன்பே புழுவைக் கையிலெடுக்க ஒருவர் அங்கே நிற்பார் என்றால், இந்தத் துறைக்கு அதைவிடப் பெரிய லாபம் இல்லை.

புழுவை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கலாமா என்றால், கூடாது என்பது என் பதில். ஒருவரை விடுவிக்கலாமா என்றால் என் பதில் கொஞ்சம் மாறும். இந்த நேரத்துக்கு முன்பே இறந்திருக்க வேண்டும் என்று புழுவால் பலமாகச் சொல்ல முடியும், உயிரோடு இருந்தபோதே புண்ணில் புழு வைக்கவில்லை என்று உறுதியானால். இந்த நேரத்துக்குப் பிறகுதான் இறந்தார் என்று அதே பலத்தோடு சொல்ல, உடல் முழு நேரமும் ஈக்கு எட்டும் இடத்தில் கிடந்தது என்று தனியாக நிரூபிக்க வேண்டும். லோபாட்டோ வழக்கில் வெயில், திறந்த காயம், குப்பைத் தொட்டி எல்லாம் சேர்ந்து அதை நம்பும்படி ஆக்கின. வெஸ்டர்ஃபீல்ட் வழக்கில் உடல் முதல் இரண்டு வாரம் எப்படிக் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீலாக நான் நின்றால் நிபுணரின் பட்டங்களைக் கிண்டிக்கொண்டிருக்க மாட்டேன். வெப்பநிலையை எங்கே அளந்தீர்கள், அட்டவணை எந்த ஊர் ஈயுடையது, மண்ணைத் தோண்டிப் பார்த்தீர்களா, உடல் எத்தனை மணிக்குக் குளிர்பெட்டிக்குப் போனது என்று கேட்பேன். பெரும்பாலான அறிக்கைகளை உடைக்க இந்த நான்கு கேள்வியே போதும்.